நெட்டைக்குள் இருந்த குட்டை

அழகம்மாளுக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவளைப் பிடிக்காது. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. மன்னவனூரில் பால் ஊற்ற வருகிறவனுக்குக்கூடத் தெரியும். ஆனாலும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். கீழே அவளும் அவள் குடும்பமும். மச்சில் ஒரு பக்கம் நான். தட்டி மறைப்புக்கு அந்தப் பக்கம், அடுப்புப் புகை படும்படி கட்டித் தொங்கவிட்ட விதைப்பூண்டு. என் துணிமணி, தலையணை, சீப்பு எல்லாவற்றிலும் பூண்டும் புகையும் ஏறியிருந்தன. ஊருக்குப் போனால் என் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டுதான் என்னைக் கட்டிப்பிடிப்பாள்.

நான் ஒட்டன்சத்திரத்துக்காரி. பெயர் லாவண்யா. பயறு வகைகளை ஆராயும் ஒரு நிறுவனத்தில் வயல் உதவியாளர் வேலை. வீட்டுக்குக் கீழே இறங்கும் படிநிலத்தில் சில தட்டுகளை அழகம்மாளின் மகன் விக்னேஷ் எங்கள் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டிருந்தான். அம்மாவைக் கேட்காமல் விட்டது முதல் குற்றம். கேரட்டும் கிழங்கும் விளைகிற மண்ணில் நான் மைசூர்ப் பருப்பு விதைத்தது இரண்டாவது குற்றம். கடையில் ஆரஞ்சு நிறத்தில் உடைத்து வைத்திருப்பார்களே, அந்தப் பருப்பின் செடி. வடக்கே குளிர்காலத்தில் விளைவது. அங்கே வெயில் கொளுத்தும் மாதங்களில் இந்த மலையில் விதைத்தால் அதே வருஷத்தில் இன்னொரு தலைமுறையைப் பார்த்துவிடலாம்.

“பருப்பு திங்கிறதுக்கா போடுற?” என்று விதைப்பு அன்றைக்கே அழகம்மாள் கேட்டாள்.

“இல்லம்மா. வெதையப் பாக்குறதுக்கு.”

“வெதையப் பாக்குறதுக்கு எதுக்கு மண்ணு? கையில வச்சுப் பாக்க வேண்டியதுதான?”

கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

செடி முளைத்து ஒரு சாண் எழுந்ததும் முதல் களை எடுப்பு. அன்றைக்கு நான் செடிகளில் கட்டும் அட்டைகள் வாங்கக் கொடைக்கானலுக்குப் போயிருந்தேன். திரும்பும் வழியில் காட்டுமாடு ஒன்று ரோட்டில் நின்றுகொண்டு பஸ்ஸை விடவில்லை. வந்து சேரும்போது மேகம் இறங்கி, வயலில் ஆள் நிற்பது நிழலாகத்தான் தெரிந்தது. மேல் தட்டு முழுக்கக் களை எடுத்து முடித்திருந்தார்கள். வரப்புக்கு அந்தப் பக்கம் களைக்குவியலோடு என் குட்டைச் செடிகளும் வேரோடு கிடந்தன.

இந்த மேல்மலையில் களை எடுக்கிறவர்கள் களையை மட்டும் எடுப்பதில்லை. பூண்டிலோ பீன்ஸிலோ கிழங்கிலோ வளராமல் குறுகி நிற்கும் செடியைக் கண்டால் அதையும் பிடுங்கிவிடுவார்கள். நோய் விழுந்த செடி, விட்டால் பக்கத்துச் செடிக்கும் ஒட்டும் என்று. அதை ஆட்டுக்குக்கூடப் போடமாட்டார்கள். வரப்பைத் தாண்டி எறிவார்கள். யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, கை தானாகப் போகும்.

“நிறுத்துங்க! யாரு இதையெல்லாம் பிடுங்கச் சொன்னது?” என்று கத்தினேன்.

களைக்கொத்தோடு நின்ற ஒருத்தி பதறிவிட்டாள். “குட்ட விழுந்து கெடந்துச்சு பாப்பா. மத்ததுக்கும் பரவிருமேன்னு எடுத்தம்.”

“நாந்தான் எடுக்கச் சொன்னேன்,” என்றாள் அழகம்மாள். “இப்ப என்னாங்குற?”

“அந்தக் குட்டைக்காகத்தாம்மா இத்தன பாடும். அது நோயில்ல. அதோட பொறப்பே அப்படி.”

“குட்டைக்கா? நல்லா இருக்கு போ. நெட்டையா நிக்கிறது களை, குட்டையா நிக்கிறது பயிரா?”

அவளைக் கையைப் பிடிக்காத குறையாக வயலின் மூலைக்குக் கூட்டிப்போனேன். அங்கே இரண்டு பாத்தியில் பெற்றோர்ச் செடிகளைத் தனியாக வைத்திருந்தேன். ஒன்று குட்டை. தண்டு தடித்து, இலை நெருங்கி, மூடின கை மாதிரி மண்ணோடு ஒட்டி நிற்கும். மழைக்குச் சாயாது. நல்ல பருப்புச் செடி எல்லாம் காய் பிடித்ததும் ஒரு மழையில் படுத்து அழுகிப்போகும், இது படுக்காது. மற்றது அதன் காட்டுச் சொந்தம். எங்கோ தூரதேசத்துக் கரட்டில் தானாக முளைத்துக்கிடந்தது. கம்பிபோல ஒல்லியாக நெடுநெடுவென்று போகும். விதை மிளகில் பாதிதான், காய் காய்ந்தால் வெடித்துத் தெறித்துவிடும். ஆனால் எந்த நோயும் அண்டாது. அதன் நோய் தாங்கும் வலுவையும் இதன் குட்டையையும் ஒரே செடிக்குள் கொண்டுவர வேண்டும். அதுதான் என் சோலி.

“இந்தா, இந்தக் குட்டதான் தாய். அந்தக் காட்டுச்செடி தகப்பன். அதோட மகரந்தத்த எடுத்து இதோட பூவுல வச்சுச் சேத்தது. மொதத் தலமுறையில பொறந்த பிள்ளைங்க அத்தனையும் நெட்ட. அதுங்க பெத்ததுதான் இந்த வயல்ல நிக்கிறது. இதுல நாலுல ஒண்ணு குட்டையா வரும். அந்த ஒண்ணத்தான் நீங்க பிடுங்கி எறிஞ்சுட்டீங்க.”

அழகம்மாள் முகத்தில் ஏதோ மாறியது. “அப்பத் தாய்தான் குட்ட.”

“ஆமா.”

“தகப்பன் நெட்ட.”

“ஆமாம்மா, ஆனா...”

“போதும். வெளங்கிருச்சு.” சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேலே ஏறிப்போய்விட்டாள். தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போகிறாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மிச்சத் தட்டுகளாவது தப்பியதே என்றுதான் நினைத்தேன்.

வரப்பில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள் ரோகிணி. விக்னேஷின் மனைவி. என் வயலில் அட்டை கட்டுகிற வேலைக்கு அவள்தான் வருவாள். பேச்சு கம்மி, கை சுத்தம்.

“மொதத் தலமுற எல்லாம் நெட்டன்னீங்களே அக்கா,” என்றாள். “அப்பக் குட்ட எங்க போயிருந்துச்சு?”

“எங்கயும் போகல. உள்ளுக்குள்ளதான் கெடந்துச்சு. ஒவ்வொரு செடிக்கும் தாய்கிட்ட இருந்து ஒரு பங்கு, தகப்பன்கிட்ட இருந்து ஒரு பங்கு. ஒரு பங்கு நெட்டையா இருந்துட்டாப் போதும், குட்ட வெளிய தெரியாது. ரெண்டு பக்கமும் குட்டையக் குடுத்தாத்தான் பிள்ள குட்டையாகும்.”

அவள் அட்டைக் கயிற்றைப் பல்லில் கடித்து அறுத்தாள். அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

*

ரோகிணிக்கு ஒரு மகள். பெயர் சத்தியபிரியா. மூன்று வயது முடிந்தும் ஒரு வயதுப் பிள்ளையின் உயரம்தான். கையும் காலும் குறுகல், நெற்றி பெரிது, வாய் ஊருக்கே பெரிது. என்னைப் ‘பருப்பு’ என்றுதான் கூப்பிடுவாள். “ஏ பருப்பு, மேல இருந்து எறங்கி வா” என்று அவள் மச்சுப்படிக்குக் கீழே நின்று அதட்டினால் நான் இறங்கித்தான் ஆக வேண்டும். அந்த வீட்டில் எனக்குப் பிடித்த ஒரே ஆள் அவள்.

வீட்டுக்கு யாராவது வந்தால் அழகம்மாள் முதலில் செய்கிற வேலை பேத்தியைத் தூக்கி உள் அறையில் விட்டுக் கதவைச் சாத்துவது. பிள்ளை உள்ளே இருந்து கதவை உதைக்கும். “பூன” என்பாள் வந்தவர்களிடம். எந்த ஊர்ப் பூனை “ஏய் அப்பத்தா, தொறடி” என்று கத்தும்? கேட்டவர்களும் கேட்காத மாதிரி வரக்காப்பியைக் குடித்துவிட்டுப் போவார்கள்.

ரோகிணி ஒன்றும் அன்னியத்துப் பெண் அல்ல. வடகவுஞ்சியில் இருக்கிற அழகம்மாளின் கூடப்பிறந்த தம்பி பழனிச்சாமியின் மகள். முறைப்பெண்ணை விட்டுவிடக் கூடாது என்று அழகம்மாளே ஒற்றைக் காலில் நின்று மகனுக்குக் கட்டிவைத்தாள். பிள்ளையின் வளர்த்தி நின்றுபோனது தெரிந்த நாளிலிருந்து அந்த முறையெல்லாம் காற்றில் போய்விட்டது. ரோகிணி கடைசியில்தான் சாப்பிட வேண்டும். மிஞ்சினால் சாப்பிட வேண்டும். அடுப்பங்கரையில் கருவாட்டுக் குழம்பு கொதித்தாலும் அவள் தட்டுக்கு வருவது குழம்பு மட்டும்தான்.

“எம் புருசன் வீட்டு ஆளுக வாசப்படியில குனிஞ்சு வருவாக,” என்பாள் அழகம்மாள், சாப்பிடுகிற மகனுக்குக் கேட்கும்படி. “எம் பொறந்த வீட்டுலயும் குட்ட கெடையாது. எல்லாம் எந்தம்பி கட்டுனாளே, அந்தக் கீழ்நாட்டுக்காரி கொண்டாந்தது. அவ மகளுக்குக் குடுத்தா, மக இங்கன கொண்டாந்து எறக்கிட்டா.”

அந்தக் கீழ்நாட்டுக்காரி, ரோகிணியின் அம்மா, செத்து வருஷங்களாகிவிட்டன. செத்தவள் எழுந்து வந்து பதில் சொல்லமாட்டாள் அல்லவா? அது அழகம்மாளுக்கு வசதி. விக்னேஷ் தட்டிலிருந்து தலையை எடுக்கமாட்டான். பிக்கப் வண்டியில் கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு மலை இறங்குகிறவன். அத்தனை கொண்டைஊசி வளைவிலும் வண்டியைத் திருப்புவான். அம்மாவிடம் ஒரு வார்த்தையைத் திருப்பத் தெரியாது. எனக்கு அவனைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

செடிகள் பூ முடிந்து பிஞ்சு விட்டிருந்த சமயம், அட்டை சரிபார்த்துக்கொண்டே வந்த ரோகிணி திடீரென்று பேச ஆரம்பித்தாள்.

“ஞாயித்துக்கெழம பேசப் போறாகளாம் அக்கா. எங்கப்பாவ வரச்சொல்லி ஆள் விட்டுருக்காக. என்னையும் பிள்ளையையும் வடகவுஞ்சிக்கு அனுப்பிட்டு, பூம்பாறையில இவருக்குப் பொண்ணு எடுக்குறாக.”

“ஒங்க வீட்டுக்காரரு என்ன சொல்றாரு?”

“அவரு என்னைக்குச் சொல்லியிருக்காரு?” கையில் இருந்த அட்டையை நெரித்தாள். “மதுர ஆசுபத்திரியில டாக்டரு எல்லாஞ் சோதிச்சுட்டு, சொந்தத்துல கட்டுனீகளான்னு கேட்டாரு. ஆமான்னோம். நீங்க அன்னைக்குச் சொன்னீகள்ல, அதையேதான் சொன்னாரு. இந்த மாதிரிக் குட்ட தாய் மட்டும் குடுத்து வராது, தகப்பனும் குடுத்திருக்கணும், ரெண்டு பேத்துக்கும் ஒரே எடத்துல இருந்து வந்திருக்கும்னாரு. வெளிய வந்ததும் இவரு, ஆத்தாகிட்ட நானே நேரம் பாத்துச் சொல்றேன், நீ வாயத் தெறக்காதன்னாரு. வீட்டுக்கு வந்து சத்துக் கொறச்சல்னு சொல்லிட்டாரு.”

“நீ சொல்ல வேண்டியதுதான?”

“நாஞ் சொன்னா யாரு நம்புவா? அவரு சொல்வாரு, அவரு சொல்வாருன்னே இருந்துட்டேன் அக்கா. இனிமே அந்த மனுசன நம்பி ஒண்ணும் இல்ல.”

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அவள் கண்ணில் இருந்தது ஆத்திரம். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே சாரல். முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் விக்னேஷின் பெரியப்பா குமாரவேல், அழகம்மாளின் செத்துப்போன கணவருக்கு அண்ணன். அந்தக் குடும்பத்தில் எந்தப் பேச்சையும் அவர்தான் தொடங்குவார், அவர்தான் முடிப்பார். ஜன்னலோரம் பூம்பாறைக்காரர் சேனாதிபதி, மழைக்கு ஒதுங்கியவர் மாதிரி குடையை மடியில் வைத்துக்கொண்டு. அவர் மகளைத்தான் விக்னேஷுக்குக் கேட்டிருந்தார்கள். கதவோரம் கிழங்கு மூட்டையின் மேல் பழனிச்சாமி. நல்ல உயரம், அகன்ற தோள், ஆனால் அக்காள் இருக்கிற இடத்தில் அந்த உடம்பு பாதியாகிவிடும். உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. பூனை உதைத்துக்கொண்டிருந்தது.

மச்சில் இருந்தபடியே எல்லாம் எனக்குக் கேட்டது. நான் ஒன்றும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கவில்லை. அந்த வீட்டுப் பலகைத் தரையில் கீழே பெருமூச்சு விட்டால் மேலே கேட்கும்.

“பழனி, நீ என்னப்பா சொல்ற?” என்றார் குமாரவேல்.

“நான் என்னா மாமா சொல்றது? அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

“அப்பா!” என்று ரோகிணியின் குரல். அதட்டலாகத்தான் வந்தது.

“நீ சும்மாருத்தா. மாசாமாசம் நானே வந்து பிள்ளையப் பாத்துக்கிருவேன்” என்றது விக்னேஷின் குரல். அந்த வீட்டில் அவன் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்போதுதான் அழகம்மாள் மச்சுப்படிக்குக் கீழே வந்து நின்று என்னைக் கூப்பிட்டாள். “ஏ பாப்பா! கொஞ்சம் கீழ எறங்கி வா.”

இறங்கிப் போனேன். அவள் என் கையைப் பிடித்து இழுக்காத குறையாக நடுவில் நிறுத்தினாள். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறாள் என்று அவள் வாயைத் திறந்த பிறகுதான் புரிந்தது.

“நான் படிக்காதவ. நாஞ் சொன்னா வாய்க்கு வந்ததச் சொல்றாம்பீக. இந்தப் பாப்பா வெதைக்கே படிச்சது. குட்டையும் நெட்டையும்தான் அதுக்குச் சோலி. அதையே கேளுங்க. ஏ பாப்பா, ஒன் வயல்ல குட்ட எதுல இருந்து வந்துச்சு? தாயில இருந்தா, தகப்பன்ல இருந்தா?”

இந்தப் பொம்பளை என் வயலையே கொண்டுவந்து ரோகிணியின் தலையில் போடப் பார்க்கிறாள்!

“சொல்லும்மா,” என்றார் குமாரவேல்.

“செடிக்குத்தாங்க என்னால சொல்ல முடியும். பிள்ளைக்கு டாக்டர்தான் சொல்லணும்,” என்றேன். “செடிய மட்டும் கேட்டா, முழுசாச் சொல்றேன். இவங்க பாதியில எந்திரிச்சுப் போயிட்டாங்க. அந்தத் தாய் பெத்த பிள்ளைங்க அம்புட்டும் நெட்ட. ஒண்ணுகூடக் குட்டையில்ல. அந்த நெட்டைக்குள்ள குட்ட ஒளிஞ்சு கெடந்துச்சு. ரெண்டு பக்கமும் அப்படி ஒளிச்சு வச்சிருந்து, ரெண்டு பக்கமும் குடுத்தாத்தான் குட்ட பொறக்கும். ஒரு பக்கம் மட்டும் குடுத்துப் பொறக்கவே பொறக்காது.”

“தாய்தான் குட்டன்னு நீயே சொன்ன!” என்று அழகம்மாள் கத்தினாள்.

“சொன்னேன். மிச்சத்தக் கேக்காமப் போனது நீங்க.”

“சோறு தின்ன வீட்டுக்கே...”

“நான் ஒங்க வீட்டுல தின்னது பூண்டு நாத்தம் மட்டுந்தாம்மா.”

குமாரவேல் கையை உயர்த்தினார். “இரு, இரு. அது செடி. நம்ம பிள்ளைக்கு டாக்டரு சத்துக் கொறச்சல்னுதான சொன்னாரு?”

ரோகிணி அதுவரை சுவரில் சாய்ந்து நின்றவள் நடுவுக்கு வந்தாள். “பெரிய மாமா, அதையே ஒங்க மகன்கிட்டக் கேளுங்க. டாக்டரு என்னா சொன்னாருன்னு. நான் பக்கத்துலதான் இருந்தேன். பொய் சொன்னாருன்னா நான் இங்கனயே சொல்றேன்.”

எல்லாரும் விக்னேஷைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான். தகரக் கூரையில் சாரல் வலுத்துப் பொட்டுப்பொட்டென்று விழுந்தது.

“ஏலே, சொல்லுலே,” என்றார் குமாரவேல்.

“ரெண்டு பேருகிட்டயும் இருக்குன்னாரு,” என்றான் விக்னேஷ். சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தான், அடி விழும் என்று எதிர்பார்க்கிற பையன் மாதிரி. “எங்கிட்டயும்தான் இருக்குன்னாரு. சொந்தத்துல கட்டுனதால வெளிய வந்துருச்சாம்.”

“டாக்டரு கண்டானாக்கும்! எவனோ காசு வாங்கிட்டுச் சொல்லுவான். எம் மகன்கிட்ட எங்க இருந்துலே வரும்? அவங்கப்பன் நெட்ட. நான் நெட்ட. எம் பொறந்த வீட்டுல ஏழு தலமொறைக்குக் குட்ட கெடையாது.”

மூட்டையின் மேலிருந்து ஒரு சத்தம் வந்தது. பழனிச்சாமி தொண்டையைச் செருமினார்.

“முருகம்மாள மறந்துட்டியாக்கா?”

அழகம்மாள் சடாரென்று திரும்பினாள். “வாய மூடுலே.”

“மூடித்தான் இருந்தேன். நீ செத்துப்போன எம் பொண்டாட்டியச் சொன்னப்பவும் மூடித்தான் இருந்தேன்.” எழுந்து நின்றதும் அவர் முழு உயரமும் அந்த அறையில் தெரிந்தது. “மாமா, எங்க கூடப் பொறந்தவ ஒருத்தி இருந்தா. எனக்கு மூத்தவ, அக்காவுக்கு இளையவ. முருகம்மான்னு பேரு. இந்தா, உள்ள கதவ ஒதைக்குதே, அதே கையி, அதே காலு, அதே நெத்தி. அக்காவ நீங்க பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு அவள மலவாழத் தோட்டத்துக் குடிசையில வச்சுப் பூட்டுனாக.”

“பழனி!”

“பூட்டுனது நீதானக்கா. சாவிய முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வந்து இவக முன்னாடி காப்பித் தட்டோட நின்ன. அவ அழுதழுது தொண்ட கட்டிப்போய்க் கெடந்தா. நாந்தான் போய்த் தண்ணி குடுத்தேன்.”

குமாரவேல் அழகம்மாளைப் பார்த்தார். அந்தக் காப்பியைக் குடித்தவர்களில் அவரும் ஒருவராக இருந்திருக்க வேண்டும். “எங்களுக்கு இது ஒண்ணும் சொல்லலையே,” என்றார் மெதுவாக.

“அது வேற! அது நோவு! அவ சின்னதுலயே காச்சல்ல...” என்று இழுத்தாள் அழகம்மாள்.

சேனாதிபதி குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “மழ விட்டுருச்சு போல. நான் கெளம்புறேன்.”

மழை கொட்டிக்கொண்டிருந்தது.

“அப்ப நம்ம பேச்சு...” என்றார் குமாரவேல்.

“யோசிச்சுச் சொல்றோம். பெத்த பொண்ண வெளையாட்டாக் கொண்டாந்து ஒரு வீட்டுல எறக்கிட முடியுமா?” விக்னேஷை ஏற இறங்கப் பார்த்தார். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போகிறவர் பார்வை. குடையை விரித்து மழையில் இறங்கிவிட்டார்.

ரோகிணி போய் உள் அறைக் கதவைத் திறந்தாள். சத்தியா வெளியே வந்து, உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, குமாரவேலின் முன் போய் நின்றாள். “நீ யாரு?” என்றாள். அவர் அவள் தலையைத் தொட வந்தார். கையை வெடுக்கென்று கடித்துவிட்டாள்.

“என்னைய எந்த வீட்டுக்குப் போகச் சொல்றீக அத்தை?” என்றாள் ரோகிணி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு. “எங்கப்பா வீடுங்குறீக. அது நீங்க பொறந்த வீடு. இங்க என்னா கெடக்கோ அதுதான் அங்கயும் கெடக்கு. நான் போகல. இங்கனதான் இருப்பேன். நான் மொதல்ல சாப்பிடுவேன், எம் பிள்ள வாசல்ல ஒக்காரும். மச்சான், ஒங்களுக்குச் சேத்துத்தான் சொல்றேன். நீங்க வாய வச்சிருக்குறது கேரட்டு திங்கிறதுக்கு மட்டுந்தான்.”

அவள் அடுப்பங்கரைக்குப் போய்க் குழம்புச் சட்டியிலிருந்து கருவாட்டுத் துண்டுகளாகப் பார்த்து எடுத்துத் தட்டில் வைத்து, பிள்ளையை மடியில் வைத்து உண்ண ஆரம்பித்தாள். முள்ளை நீக்கி நீக்கிப் பிள்ளைக்கும் ஊட்டினாள்.

*

மறுநாள் வெள்ளனே எழுந்து பல் விளக்க வெளியே வந்தவள் வயலைப் பார்த்துவிட்டு அப்படியே ஓடினேன்.

மேகம் இன்னும் தட்டுகளை விட்டு எழவில்லை. அதற்குள் அழகம்மாள் ஒற்றையாகக் குனிந்து நின்று பிடுங்கிக்கொண்டிருந்தாள். களைக்கொத்துகூட இல்லை, வெறுங்கை. குட்டைச் செடியாகப் பார்த்துப் பார்த்து, அட்டை கட்டியிருக்கிறதா என்றுகூடப் பாராமல், வேர் மண்ணோடு வரும்படி சுண்டி இழுத்து வரப்புக்கு அந்தப் பக்கம் எறிந்தாள். இரண்டு தட்டை முடித்துவிட்டாள். மூன்றாவதில் பாதி போயிருந்தது. ஈரத்தில் அவள் சேலை தொடைவரை நனைந்து ஒட்டியிருந்தது. கைமுழுக்கச் சேறு.

“ஏம்மா! ஒனக்கென்ன பைத்தியமா?” எனக்கு மரியாதையெல்லாம் போய்விட்டது. “விடு அத! ஒரு வருச வேலைம்மா இது!”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. “எம் மண்ணு. எம் மண்ணுல குட்ட நிக்கக் கூடாது.” அவள் குரல் கம்மியிருந்தது. ராத்திரி முழுக்க எதையோ திட்டித் தீர்த்த குரல்.

நான் அவள் தோளைப் பிடிக்கப் போனேன். தள்ளிவிட்டாள். சேற்றில் சறுக்கி உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே அழுகை முட்டியது, எனக்காகவா அந்தச் செடிகளுக்காகவா தெரியவில்லை. அவளை அப்போது அடித்திருப்பேன். அடிக்க முடியாமல் போனதற்கு வழுக்கல்தான் காரணம், நல்ல குணம் இல்லை.

ரோகிணி வரப்பில் இறங்கி வந்தாள். பிள்ளை இடுப்பில். சத்தம் கேட்டுத்தான் வந்திருப்பாள். வந்தவள் என்னைத் தூக்கவும் இல்லை, அத்தையைத் தடுக்கவும் இல்லை. பிள்ளையை இறக்கிவிட்டாள். அது பிடுங்கி எறிந்த குவியலுக்குப் போய் உட்கார்ந்து, பிஞ்சுக் காய்களை உரித்து உரித்துத் தின்ன ஆரம்பித்தது.

“அத்தை,” என்றாள் ரோகிணி. “நெட்டையையும் பிடுங்குங்க.”

அழகம்மாள் குனிந்தபடியே இருந்தாள்.

“குட்டையப் பிடுங்கிட்டா ஒழிஞ்சுரும்னு நெனச்சீகளா? இந்தா நிக்குதே நெட்ட, இதுல மூணுல ரெண்டுக்குள்ள அது கெடக்கு. எதுக்குள்ளன்னு பாத்தாத் தெரியாது. அடுத்த வெதைப்புக்கு இதுகளே பெத்துப் போட்டுரும். பிடுங்குறதுன்னா மொத்தத்தையும் பிடுங்கணும். என்னையப் பிடுங்கணும், எங்கப்பாவப் பிடுங்கணும், ஒங்க மகனப் பிடுங்கணும். மொதல்ல ஒங்களப் பிடுங்கணும்.”

மேகம் ஒரு பக்கமாக விலகி, எதிர்ச் சரிவில் இருக்கிற ஆட்டுப் பண்ணையின் புல்வெளி தெரிந்தது. அழகம்மாள் நிமிர்ந்து மருமகளாக வந்த தம்பி மகளைப் பார்த்தாள். குவியலில் உட்கார்ந்து தின்கிற பிள்ளையைப் பார்த்தாள். பிறகு மறுபடி குனிந்தாள். அவள் கால்மாட்டில் நல்ல வாளிப்பாக ஒரு நெட்டைச் செடி நின்றது. அதன் அடித்தண்டைச் சேற்றுக் கையால் பிடித்தாள். பிடித்தவள் இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை.